காசும் கேஷும்

ஆங்கிலத்தில் கைப்பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் சொல் தமிழின் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்று மேடைகளிலும் கட்டுரைகளிலும் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆயினும் ஆங்கில அகராதிகள் ஒரே எழுத்துக்கூட்டுடைய இருவேறு சொற்களைத் தனித்தனியே பதிவு செய்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே தமிழ் தாயகம் ஆகும்.

கைப்பணத்தைச் சுட்டும் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'காப்சா' ஆகும். 'பற்றிக்கொள்' என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புள்ள இப்பெயர், உரோமர் ஏட்டுச் சுருள்களை இட்டு வைத்த பெட்டியைக் குறித்தது. இத்தாலியத்தில் 'காஸ்ஸா' எனத் திரிந்து, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தபோதுகூட அது பணப்பெட்டி என்றே பொருள்பட்டது; பெட்டியின் பெயர் அதனுள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது பின்னர்தான். தமிழ் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். வங்கியில் அமர்ந்திருக்கும் 'கேஷியர்' பெட்டியைக் காப்பவர் என்ற பொருளில் இக்குடியைச் சேர்ந்தவரே.

தமிழ்க் காசோ இந்த ஆங்கிலச் சொல்லினும் மிகப் பழையது. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம் பழத்தை, புதிய நூலில் கோப்பதற்காக நக நுனியில் பிடித்த பொற்காசுக்கு ஒப்பிடுகிறார். இங்குக் காசு அணிகலனின் உறுப்பாகக் கோக்கப்படும் பொருளாக இருக்கிறது. செலாவணி நாணயம் என்ற பொருள் சோழர் கல்வெட்டுகளில் உறுதிப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச்சபைகள் பெற்ற காசுக்கு, காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, பொலிசை எனப்பட்ட வட்டியாகச் செலுத்த வேண்டியதைக் குறிக்கின்றன. காசு என்னும் சொல்லையே 'கர்ஷம்' என்ற வடமொழி எடைப்பெயரோடு இணைப்பாரும் உளர்.

இவ்விரு சொற்களும் சந்தித்த இடம் போர்த்துகீசியரின் நாவாகும். தென்னிந்தியக் கரைகளில் காசு என்ற பெயரைக் கேட்ட அவர்கள், தம் மொழியில் பெட்டியைக் குறிக்க ஏற்கெனவே வழங்கிய 'கைஷா' என்ற சொல்லின் வடிவிலேயே அதனை எழுதினர். அந்தச் சொல்லும் இலத்தீன் காப்சாவின் வழித்தோன்றலே ஆதலால், பின்னாளில் விளைந்த குழப்பத்திற்கு வேர் இங்கேயே இருக்கிறது. கைஷாவிலிருந்து ஆங்கிலேயர் பெற்ற 'கேஷ்', கீழை நாடுகளின் சிறு நாணயங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராகி, நடுவில் சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோக்கப்பட்ட சீனச் செப்பு நாணயத்தையும் குறிக்கலாயிற்று. சீனருக்குத் தம் நாணயத்திற்கு வேறு பெயர் இருந்தும், உலகம் அதனைத் தமிழ்ப் பெயரின் திரிபாலேயே அறிந்திருப்பது இவ்வரலாற்றின் வியத்தகு பகுதியாகும்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு முறையில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன்; எனவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818இல் வெள்ளி ரூபாய் தலைமை நாணயமாக்கப்பட்டதும் இம்முறை பின்தள்ளப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1808ஆம் ஆண்டு பொறித்த 10 காசு, 20 காசு செப்பு நாணயங்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சிடப்பட்டன. அவற்றைச் சுமந்து சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 சனவரியில் கென்ட் கரையருகே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்க, நாணயங்கள் 1980களில் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. அந்த 20 காசு நாணயத்தின் ஒருபுறம் கம்பெனியின் சின்னம் இருக்கிறது. மறுபுறம், இருபது 'காஸ்' நான்கு 'பலூஸ்' ஆகும் என்று பாரசீக எழுத்திலும், அதன் கீழ் 'கேஷ்' என்று ஆங்கில எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது.