முல்லையும் இருத்தலும்

சிறுகொடி ஒன்றன் வெண்பூ, நெடிது நிற்குங் காதலுக்கும் கற்புக்கும் பெயராய் வழங்கிய வரலாறு ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் முல்லைக்குக் காட்டையும் கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் உரியவாக்கினார். உரையாசிரியர் இருத்தலை அதன் உரிப்பொருளாகக் கொண்டனர். போர்மேற் செல்வோன் கார் தொடங்குமுன் மீள்வதாகக் கூறிப் பிரிவான். மழை பெய்ய, மாலையில் முல்லையரும்பு விரியும். அவனோ வந்திலன். ஆதலின் அப்பூ மனையிலிருப்பாளுக்குச் சூடும் பொருள் மட்டுமன்று. குறித்த பருவம் வந்தமைக்குச் சான்றுமாம்.

இதனை விரித்துரைப்பது நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. 103 அடிகளே உடையது. முதுபெண்டிர் நெல்லும் முல்லைமலரும் தூவி வணங்கி, ஊர்ப்புறத்தே விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றை நோக்கி, உன் தாய் இப்பொழுதே வருவாள் என ஆய்மகள் ஒருத்தி தேற்றுஞ் சொல் அவர்க்கு நன்னிமித்தமாகின்றது. அது கேட்டும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. பாசறையிலுள்ள அரசனும் உறங்கினானல்லன். ஆனால் அவன் நினைவு புண்பட்ட வீரர்மீதும் யானைகள்மீதும் செல்கின்றது. காத்திருப்போர் துயரும் காக்க வைத்தோன் துயரும் ஒன்றல்ல என்பதைப் புலவர் மறைத்திலர்.

அழுதல் முல்லைக்கு ஆகுமோ என்பது பழைய வினா. இரங்கல் நெய்தற்குரியது என்னுங் கருத்தால், நச்சினார்க்கினியர் அடிகளை இடமாற்றிப் பொருள் கூட்டினார். மறைமலையடிகள் 1903இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அம்முறையை மறுத்தார். எமக்கு அடிகளார் கொள்கையே உடன்பாடு. கண்ணீரை விலக்கிவிடின் ஆற்றியிருத்தலின் அருமை யாங்ஙனம் விளங்கும்?

இம்மரபை நன்குணர்ந்தே போலும், இளங்கோவடிகள் கண்ணகியை மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்மகள் மாதரியின் மனையிலே அடைக்கலமாக இருத்தினார். சிலம்பு விற்கச் சென்ற கணவன் மீள்வானென அவள் இருந்தவிடம் முல்லை மக்களின் இருப்பிடமே. ஆயினும் ஈண்டு நிமித்தங்கள் மாறுபட்டன: குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்களில் நீர் சோர்ந்தது. தீங்கு நீங்குதல் வேண்டி ஆய்ச்சியர் மாயவனைப் பரவிக் குரவையாடினர். கோவலன் மீண்டிலன். அடைக்கலப்பொருளை இழந்த மாதரி பின்னர்த் தீப்புகுந்து மாய்ந்த செய்தியை, நெடுந்தூரம் கடந்து, வஞ்சிக்காண்டத்து நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாகவே அறிகின்றோம்.