ஓ. வி. அழகேசன்

ஓ. வி. அழகேசன் (1911–1992) செங்கல்பட்டு வட்டாரக் காங்கிரஸ் தலைவர். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், மத்திய அமைச்சர், தூதர்.

ரயில்வே துறையில்

1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியில் வென்ற அழகேசன், நேரு அமைச்சரவையில் ரயில்வே, போக்குவரத்துத் துறைகளின் துணை அமைச்சரானார். லால் பகதூர் சாஸ்திரி அத்துறைகளின் அமைச்சர்.

1956 நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே கவிழ்ந்தது. வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சேதமடைந்திருந்ததால் எஞ்சினும் முன்பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரி பதவி விலகி, பொறுப்புணர்வுக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்டார். தமிழ்நாட்டிலோ திமுகவினர் அழகேசனின் பெயரை அரியலூரோடும் சாவோடும் இணைத்துக் கோஷம் எழுப்பினர். 1957 தேர்தலில் செங்கல்பட்டு சுயேச்சையான அ. கிருஷ்ணசாமியின் கைக்குப் போனது.

மொழிப் போராட்டமும் ராஜினாமாவும்

1962இல் அதே தொகுதியை மீட்ட அழகேசன், பின்னர் பெட்ரோலியம், ரசாயனத் துறை இணை அமைச்சரானார். 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழகம் கொந்தளித்தது. பிப்ரவரியில் அழகேசனும் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் ராஜினாமா செய்தனர். அப்போது பிரதமர் அதே சாஸ்திரி. ராஜினாமாக்களை ஏற்குமாறு அவர் பரிந்துரைத்தும் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் இசையவில்லை. ஆங்கிலம் நீடிக்கும் என்று சாஸ்திரி வானொலியில் உறுதியளித்தபின் இருவரும் விலகலைத் திரும்பப் பெற்றனர். அந்த உறுதி 1967இல் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தமாகியது.

அதற்குள் தமிழகத்தில் ஆட்சி மாறியிருந்தது. 1967 தேர்தலில் செங்கல்பட்டுத் தொகுதியைத் திமுகவின் சி. சிட்டிபாபு கைப்பற்றினார். அழகேசன் 1968 முதல் 1971 வரை எத்தியோப்பியாவில் இந்தியத் தூதராக இருந்தார்.

பிற்காலம்

நாடு திரும்பியதும் 1971இல் திருத்தணியிலும் 1977இல் அரக்கோணத்திலும் வென்றார். 1971இல் இந்திரா காங்கிரசுக்குத் திமுக துணை, 1977இல் அதிமுக. 1952இலும் 1962இலும் சொந்த பலத்தில் வென்ற கட்சி, இப்போது திராவிடக் கட்சிகளின் தோளில் ஏறித்தான் டெல்லிக்குப் போக முடிந்தது. தமிழ்நாட்டுக் காங்கிரசின் கால் நூற்றாண்டுச் சரிவு இந்த ஒருவரின் நான்கு வெற்றிகளிலேயே தெரிகிறது.