யாரிடம் இருக்கிறது பேரேடு?

1995 பிப்ரவரி. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் யோஹன் ஹெல்சிங்கியஸ் என்பவரைத் தேடி போலீஸ் வந்தது. கையில் சோதனை வாரண்ட்.

மனிதர் செய்துகொண்டிருந்தது ஒருவிதத் தபால்காரர் வேலை. 1993-ல் ஓர் இலவச சேவை ஆரம்பித்திருந்தார். நீங்கள் ஒரு மெயிலை அவருடைய கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் போதும். உங்கள் பெயரையும் முகவரியையும் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு நம்பரை மட்டும் ஒட்டி உரிய இடத்துக்கு அனுப்பிவிடும். பதில் அந்த நம்பருக்கு வரும். அங்கிருந்து உங்களுக்கு.

5 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். பாலியல் கொடுமைக்கு ஆளாகி, சொந்தப் பெயரில் வாய் திறக்க முடியாதவர்கள் இருந்தார்கள். வம்புக்கென்றே வந்தவர்களும் இருந்தார்கள்.

எல்லாம் சரி. பதில் திரும்பி வரவேண்டுமென்றால் எந்த நம்பர் யாருடையது என்று எங்காவது குறித்து வைத்துத்தானே ஆகவேண்டும்? வைத்திருந்தார். ஒரே ஒரு பேரேடு. வினை அங்கேதான்.

சயின்டாலஜி அமைப்பு ஒரு புகார் கொடுத்திருந்தது. தங்கள் கோப்பு ஒன்றை யாரோ திருடி, இந்தச் சேவை வழியாக இணையத்தில் போட்டுவிட்டார்களாம். முழுப் பேரேட்டையும் பறிகொடுப்பதைவிட ஒரு பெயரைக் கொடுப்பது மேல் என்று முடிவு செய்தார் ஹெல்சிங்கியஸ். கொடுத்தார். 1996 ஆகஸ்டில், அதே அமைப்பு தொடர்பான இன்னொரு விவகாரத்தில் கோர்ட்டும் பெயரைச் சொல்லச் சொன்னது. போதுமடா சாமி என்று கடையை மூடினார்.

இதற்குள் வேறு சிலர் வேறு மாதிரி யோசித்திருந்தார்கள். பேரேடே இல்லாவிட்டால்? மிக்ஸ்மாஸ்டர் என்ற மென்பொருள் வந்தது. கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர். பல ஊர்களில், பலர் நடத்தும் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு கவரைப் பிரித்து அடுத்த ஆளிடம் தள்ளிவிடும். முந்தின ஆள், அடுத்த ஆள், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். முழுக்கதை யாருக்குமே தெரியாது.

அப்பாவிகளுக்கு நிம்மதி. அயோக்கியர்களுக்கும்!

2012-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில்கள் குவிந்தன. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கட்டடங்களை விட்டு வெளியே ஓடினார்கள். மெயில்கள் வந்த வழியில் மிக்ஸ்மாஸ்டர். எஃப்.பி.ஐ. நியூயார்க்கில் ஒரு சர்வரையே தூக்கிக்கொண்டு போனது. அந்த மிக்ஸ்மாஸ்டரில் யார் அனுப்பினார் என்ற குறிப்பே கிடையாது. ஆனால் அந்த சர்வரை நம்பியிருந்த, வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத பலருடைய மெயிலும் இணையதளமும் நின்றுபோயின. ஆகஸ்டில் டப்ளினில் இருந்த ஒருவர்மீது குற்றம் சாட்டினார்கள்.

மிரட்டலுக்குப் பயந்து ஓடியது உங்கள் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? பேரேடு வேண்டும் என்பீர்கள். ரகசியமாக அழுது எழுதியது உங்கள் பெண்ணாக இருந்தால்? கொளுத்து அதை என்பீர்கள்.

இது நம் வீட்டுக்கும் வந்துவிட்ட வழக்கு. கோர்ட்டோ உரிய அதிகாரியோ உத்தரவிட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று பெரிய நிறுவனங்கள் காட்டவேண்டும் என 2021-ல் இந்திய அரசு விதி போட்டது. எதிர்த்து டில்லி ஹைகோர்ட் படியேறியது வாட்ஸ்அப்.

குற்றவாளியை மட்டும் காட்டுகிற பேரேட்டை இதுவரை யாரும் எழுதவில்லை. பின்லாந்துக்காரர் ஒரு பெயரோடு நிறுத்திக்கொள்ள அரும்பாடுபட்டார். எல்லாப் பேரேடும் அப்படிப்பட்ட ஆள் கையிலேயே இருக்கும் என்று நம்புகிறீர்களா?