சட்டத்தில் எழுதப்படாத சைக்கிள் பாதை

இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு எச்எஸ்2 என்ற அதிவேக றெயில் பாதை கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. நீளம் ஏறக்குறைய 225 கிலோமீற்றர். மணிக்கு 360 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதற்கென்று திட்டமிட்ட பாதை. செலவு ஏறியது, காலம் இழுபட்டது, மான்செஸ்டருக்குப் போகவேண்டிய வடக்குப் பகுதியை 2023 ஒக்டோபரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் ரத்துச் செய்தார். இதெல்லாம் செய்திகளில் வந்தது, கனபேருக்குத் தெரியும். நாங்கள் எழுதப்போவது அதே திட்டத்துக்குள் கிடக்கிற ஒரு சின்னக் கதை. அந்த றெயில் பாதையை ஒட்டி நாடு நீளத்துக்கு ஒரு சைக்கிள் பாதையும் வரலாம் என்று அரசாங்கம் சொன்னது. அது வரவில்லை. ஊர்த்தெருவுக்கு வந்தது லொறி.

இங்கிலாந்துக் கதை எங்களுக்கு என்னத்துக்கு எண்டு கேட்பீர்கள். 1990இல் நின்றுபோன வடக்கு றெயில் 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குள் போய்விட்டன. புதுப் பாதையில் றெயில் முந்தியதைவிட வேகமாக ஓடுகிறது. அதே ஒழுங்கைகளால், கேற் இல்லாத கடவைகளால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் கடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். றெயில் போடும்போது அதில் ஏறிப் போகிறவனைப் பற்றி எல்லாரும் கதைக்கிறார்கள். குறுக்கே கடக்கிறவனைப் பற்றி எங்கே எழுதி வைக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு தேடப்போய்த்தான் எச்எஸ்2இல் வந்து நின்றோம்.

கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும். லண்டன்–பர்மிங்காம் முதல் றெயில் பாதை ரொபேர்ட் ஸ்ரீவன்சனின் பொறுப்பில் கட்டப்பட்டு 1838இல் முழுதாகத் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கம்பனிகள் கண்டபடி ஊர்த்தெருக்களைப் பாவித்தன. 1845இல் பிரித்தானியப் பாராளுமன்றம் றெயில் கம்பனிகளுக்கான பொதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பாதை கட்டும்போது ஒரு தெருவைப் பாவித்துச் சேதப்படுத்தினால் கம்பனியே அதைத் திருத்திக் கொடுக்கவேண்டும் என்பது அதில் ஒரு விதி. வெறும் ஒரு விதிதான். ஆனால் எழுத்தில் இருந்தது.

றெயில் வந்ததும் தூரப் பயணக் குதிரைவண்டிகள் அழிந்தன. கட்டணம் வாங்கிப் பராமரித்த நெடுந்தெருக்கள் வருமானமில்லாமல் பாழடைந்தன. அந்த வெறுந்தெருக்களில் முதலில் இறங்கியவர்கள் ஆர் தெரியுமா? சைக்கிள்காரர். லண்டன்–பர்மிங்காம் றெயில் பாதையில் இருக்கிற கொவென்ற்றி நகரத்தில்தான் 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராளி இன்றைய வடிவத்துக்கு வழிகாட்டிய 'ரோவர்' சைக்கிளைச் செய்தார். மூன்று வருடத்தில் டன்லொப்பின் காற்றடைத்த ரயர் வந்தது. (பிறகு ரயர்களுக்கான இறப்பர் இலங்கைத் தோட்டங்களிலிருந்தும் கப்பல் ஏறியது. பால் வெட்டியவர்களில் மலையகத் தமிழரும் இருந்தார்கள். அதைத் தனியாக எழுதவேணும்.) 1886இல் இரண்டு சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து தெருச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றைத் தொடங்கின. தெருவை எப்படிச் செப்பனிடுவது என்று துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுத்தார்கள். கார் வருவதற்கு முன்னமே நல்ல தெரு கேட்டுச் சண்டை பிடித்தவர்கள் சைக்கிள்காரர். இன்றைக்கு 'தெருவில சைக்கிளுக்கு என்ன வேலை' என்று கேட்கிறவர்களுக்கு இது தெரியாது.

அடுத்த திருப்பம் 1963. பீச்சிங் என்ற அதிகாரி நட்டத்தில் ஓடுகிற பாதைகளை மூடச் சொல்லி அறிக்கை கொடுத்தார். மூடச் சொன்ன நிலையங்கள் மட்டும் 2,363. தண்டவாளம் கழற்றப்பட்ட பாதைகள் பற்றைக்காடாகக் கிடந்தன. பிரிஸ்ரலில் 1977இல் கூடிய ஒரு சின்னக் குழு, அதில் ஜோன் கிரிம்ஷோ முக்கியமானவர், பிரிஸ்ரல்–பாத் பழைய றெயில் பாதையைத் துப்புரவாக்கிச் சைக்கிள் பாதையாக்கத் தொடங்கியது. தொண்டர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். 1986இல் முடிந்தது, ஏறக்குறைய 21 கிலோமீற்றர். றெயிலுக்கென்று போட்டது என்பதால் பெரிய ஏற்றம் இறக்கம் இல்லை, வளைவு குறைவு. சைக்கிளுக்கு இதைவிட என்ன வேணும்? பிறகு நாடு முழுக்க இப்படிப் பாதைகள் வந்தன. கொவென்ற்றிக்குப் பக்கத்தில், 1884இல் போட்டு 1960களின் கடைசியில் மூடிய ஒரு கிளைப்பாதை கெனில்வேர்த் கிறீன்வே ஆனது. அந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கோ.

2013 ஓகஸ்டில் பிரதமர் டேவிட் கமரன் எட்டு நகரங்களின் சைக்கிள் வசதிக்கு 77 மில்லியன் பவுண் அறிவித்தார். அதோடு சேர்த்துத்தான் எச்எஸ்2 வழியை ஒட்டிச் சைக்கிள் பாதை போடலாமா என்று ஆராயப்படும் என்றும் சொன்னார்கள். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ஆய்வும் நடந்தது. பிறகு சத்தமில்லை.

அதேநேரம் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. தெரிவுக்குழுவுக்கு வந்த மனுக்கள் ஆயிரத்தைத் தாண்டின. பக்கிங்காம்சயர் மாவட்டத்துச் சனத்தின் கோபம் நியாயமானது: பாதை அவர்களின் மாவட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, ஆனால் அங்கே ஒரு நிலையமும் இல்லை. லொறியும் தூசும் மட்டும் அவர்களுக்கு.

2017 பெப்ரவரியில் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னிணைப்பில் லொறிகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. ஒரு வேலைத்தளத்துக்குப் பெரிய லொறிகள் போவதும் வருவதுமாக ஒரு நாளில் 24 தடவைக்கு மேல் ஓடினால்தான் எந்தத் தெருவால் ஓடுவது என்று உள்ளூர்ச் சபையிடம் அனுமதி கேட்கவேண்டும். 24க்குள் என்றால் கேட்கத் தேவையில்லை. கேட்டாலும் சபை மறுக்கக்கூடிய காரணங்கள் சிலதுதான். ஒரு பெரிய வாகனம் வந்தாலே மதிலோடு ஒதுங்கவேண்டிய ஒடுங்கின கிராமத்துத் தெருவில் 24 தடவை என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

லொறியும் சைக்கிளும் ஒரே தெருவில் ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டன் கணக்கே இருக்கிறது. 2015 முதல் 2017 வரை அங்கே ஓடிய மொத்தத் தூரத்தில் கனரக லொறிகளின் பங்கு 4 சதவீதம். சைக்கிள்காரர் இறந்த விபத்துகளில் 63 சதவீதத்தில் லொறி சம்பந்தப்பட்டிருந்தது. சாரதிக்கு உயரமான இருக்கையிலிருந்து பக்கத்தில் நிற்கிற சைக்கிள் தெரியாது. கனக்கப் பேர் செத்த பிறகுதான், 2021 மார்ச்சிலிருந்து, சாரதியின் பார்வைப்புலம் போதாத லொறிகளுக்கு லண்டன் கட்டுப்பாடு போட்டது. எச்எஸ்2இன் சுரங்கம் போகிற மேற்கு லண்டன் ஈலிங் பக்கம் எங்கட சனமும் நிறைய இருக்கிற இடம். அந்தத் தெருக்களில் சைக்கிள் ஓடுகிற பிள்ளைகளில் எங்கட பிள்ளைகளும் உண்டு.

எல்லாம் மோசம் என்று எழுதிவிட்டுப் போக எங்களுக்கு விருப்பமில்லை. சில்ற்றேர்ண் மலைகளுக்குக் கீழே 16 கிலோமீற்றர் சுரங்கம் தோண்டியபோது, தெற்கு வாசலுக்கு எம்25 நெடுஞ்சாலையிலிருந்து நேரே தனிவழி போட்டார்கள். அதனால் பக்கத்து ஊர்த்தெருக்கள் பெரிய பாரத்திலிருந்து தப்பின. தோண்டிய சுண்ணாம்பு மண்ணை அந்த இடத்திலேயே பரப்பினார்கள். பாதை நெடுக உள்ள ஊர்களுக்குத் தெருப் பாதுகாப்பு நிதியாக 30 மில்லியன் பவுண் ஒதுக்கினார்கள். கெனில்வேர்த் கிறீன்வேயை எச்எஸ்2 வெட்டிய இடத்தில் தற்காலிக மாற்றுப்பாதை போட்டுக் கொடுத்தார்கள். இவை நடந்ததற்கு மனு எழுதினவர்கள், குழுவுக்கு முன்னால் போய்ச் சாட்சி சொன்னவர்கள், கையொப்பம் இல்லாமல் எழும்பமாட்டோம் என்று நின்ற சபைகள் ஒரு காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். எழுத்தில் வாங்கினது கையில் கிடைத்தது. கமரன் சொன்ன சைக்கிள் பாதை அறிவிப்பாக மட்டும் இருந்தது. அதை யாரும் சட்டத்துக்குள் கொண்டுபோய் வைக்கவில்லை. 2015 விலையில் 55.7 பில்லியன் பவுண் என்று மதிப்பிட்ட ஒரு திட்டத்தில் சைக்கிளுக்குக் காசு இல்லை என்று சொன்னால் நாங்கள் நம்பத் தயாரில்லை.

கெனில்வேர்த் பக்கத்தில் பேர்ட்டன் கிறீன் என்ற ஊரில், பழைய கிளைப்பாதை ஓடிய அதே நிலத்தை வெட்டி உள்ளே எச்எஸ்2க்குச் சுரங்கம் கட்டி மேலே மூடுகிறார்கள். மூடிய மண்ணுக்கு மேலே கிறீன்வேயைத் திருப்பிப் போட்டுத் தருவது திட்டத்தில் இருக்கிறது. கீழே முதல் றெயில் ஓட 2033 தாண்டும் என்று 2025 ஜூனில் போக்குவரத்து அமைச்சர் பாராளுமன்றத்தில் சொல்லிவிட்டார்.