குளத்தில் இருப்பது யார் பணம்?



தீண்டாமையை மனமாற்றத்தின் சிக்கலாகப் பேசிப் பழகிவிட்டோம். நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோர் அதை வரவுசெலவுக் கணக்கின் சிக்கலாகவும் பார்த்தார்கள். இன்று அதைத்தான் பேச விரும்புகிறேன்.

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைக் கவனியுங்கள். பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தருமசாலைகள் தீண்டப்படாதோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்றது அது. பள்ளி, நீதிமன்றம், அலுவலகம் இவற்றோடு மருந்தகத்தையும் சேர்த்துக்கொண்டது. கருணை கேட்கவில்லை, யார் பணம் என்று கேட்டது. உள்ளாட்சிகள் அசையவில்லை. 1926இல் போலே மீண்டும் எழுந்தார்: தீர்மானத்தை நிறைவேற்றாத நகராட்சிகளுக்கு அரசு மானியம் தராதே என்றார். மானியத்தில் கைவைத்தால்தான் சாதிக்கு வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கம் என்ன நடந்தது? பூந்தமல்லியும் அம்பத்தூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். அதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் எவரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. தெருக்கள் அன்றே திறந்துவிடவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மகாடு நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் இருந்த அந்த உரிமையை 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் தோழர்களும் கையால் அள்ளிக் குடித்துக் காட்டினார்கள். அடிவிழுந்தது. ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் வைத்த வாதத்தைப் பாருங்கள்: இது பொதுக்குளமே அல்ல, எங்கள் தனிச்சொத்து! பொதுப்பணம் என்று ஒப்புக்கொண்டால் தோற்றுவிடுவோம் என்று எதிரிக்கும் புரிந்திருக்கிறது. குளம் நகராட்சியுடையது என்றே முடிவானது. மிஞ்சிய ‘வழக்கம்’ என்ற வாதத்தையும் 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளியது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு.

தருமத்தின் பெயரால் திறந்திருந்த சந்து இதைவிடப் பெரியது. செல்வந்தர் எழுதிவைத்த சத்திரம், படித்துறை, மருத்துவ அறக்கட்டளை எல்லாம் அவரவர் விருப்பம் என்று தப்பிக்கலாம். அரசியல் சட்டத்தின் 15(2) அந்தச் சந்தைக் குறிவைத்து எழுதப்பட்டது. கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவை முழுதாகவோ பகுதியாகவோ அரசுப் பணத்தில் நடந்தாலும் சரி, பொதுமக்களுக்கென்று அர்ப்பணிக்கப்பட்டிருந்தாலும் சரி, சாதியால் தடுக்க முடியாது. ‘பகுதியாகவோ’ என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டம் பொது அறக்கட்டளையின் பயனை மறுப்பதையும் குற்றமாக்கியது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆவடி 2019 முதல் மாநகராட்சி, அம்பத்தூர் 2011இல் சென்னையோடு சேர்ந்தது, பூந்தமல்லி நகராட்சி. மூன்றிலும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பொதுக்கழிப்பறைக்கும் குளிக்கும் இடத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் எந்தத் தெருவில் எவ்வளவு செலவானது, எந்த அறக்கட்டளை நிலம் யார் வசம் இருக்கிறது என்று கேளுங்கள். பதிவு அலுவலகத்தில் பழைய அறக்கட்டளைப் பத்திரங்களின் நகல் எடுங்கள். அதில் ‘பொதுமக்கள்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று முதலில் பாருங்கள்.