டிவிக்குப் பின்னால் நான்கு ஓட்டைகள் – ஒரு சின்ன வரலாறு

எந்தப் புது டிவியையும் திருப்பிப் பார்த்தால் முதுகில் நான்கு ஓட்டைகள் இருக்கும். யாரும் அதை லட்சியம் செய்வதில்லை. எப்போது கவனிப்பார்கள் என்றால், வால் மவுண்டை வாங்கி வந்து, சுவரில் டிரில் போட்டு, நாலு பேர் சேர்ந்து டிவியைத் தூக்கிப் பிடித்த பிறகு, "என்னடா இது, ஓட்டை சேர மாட்டேங்குது?" என்று அதில் ஒருவர் கேட்கும்போதுதான் :-)

அந்த நான்கு ஓட்டைகள் எங்கே இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள்? அதற்குள் ஒரு நல்ல வரலாறும், கொஞ்சம் வணிகவியலும் ஒளிந்திருக்கிறது.

முதலில் டிவிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சம்பவம். 1904 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெரும் தீ பிடித்தது. உள்ளூர் வண்டிகளால் சமாளிக்க முடியவில்லை. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் தீயணைப்பு வீரர்கள் தங்கள் கருவிகளோடு வந்து சேர்ந்தார்கள். ஆள் இருந்தது, குழாய் இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் வெளியூர்க் குழாயின் வாய் பால்டிமோர் நீர்க்குழாயின் மரையில் பொருந்தவில்லை! ஊருக்கு ஊர் வேறு வேறு அளவு. சுமார் 30 மணி நேரம் எரிந்த அந்தத் தீயில் 1,500க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் போயின. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, அமெரிக்கா முழுவதும் 600க்கும் மேற்பட்ட அளவுகளில் தீயணைப்புக் குழாய் இணைப்புகள் இருப்பது தெரிய வந்தது.

ஒரு பொருள் தனியாக எவ்வளவு தரமாக இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் பொருளோடு சேரவில்லை என்றால் அது வெறும் இரும்புதான். வால் மவுண்ட் கதையும் இதேதான். தீ மட்டும் இல்லை.

சுவரில் டிவியை மாட்டுவது பழைய கனவு. 1968-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் உருவாக்கிய திரவப் படிகத் திரையை அறிமுகம் செய்தது. சுவரில் தொங்கும் தட்டை டிவி இதோ வந்துவிட்டது என்று அப்போதே பேச்சு. வரவில்லை. ஆர்.சி.ஏ.வே 1970களில் அந்தத் தொழிலை விட்டு விலகிவிட்டது. அந்த வேலையைக் கையில் எடுத்து முடித்தவர்கள் ஜப்பானியர்கள். 1991-ல் ஷார்ப் நிறுவனம் சுவரில் மாட்டக்கூடிய எல்.சி.டி. டிவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. திரையின் அளவு எவ்வளவு தெரியுமா? 8.6 அங்குலம்! ஒரு நோட்டுப் புத்தகம் அளவு.

அதுவரை வீடுகளில் ஆட்சி செய்தது பிக்சர் டியூப். அந்தக் கண்ணாடிக் குடுவைக்குள் காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் கண்ணாடியைத் தடிமனாகச் செய்ய வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக எடை தாறுமாறாக ஏறும். 1989-ல் சோனி வெளியிட்ட 43 அங்குல டியூப் டிவி சுமார் 200 கிலோ! அதைச் சுவரில் மாட்டினால் சுவர்தான் கீழே வரும். ஆகவே டியூப் டிவிக்கு மேஜை, ஷோகேஸ், ஸ்டாண்டு என்று இருந்ததே ஒழிய, பின்னால் எத்தனை ஓட்டை என்ற கேள்வியே எழவில்லை.

இங்கேதான் 'வெசா' வருகிறது. வீடியோ எலக்ட்ரானிக்ஸ் ஸ்டாண்டர்ட்ஸ் அசோசியேஷன் என்பதன் சுருக்கம். 1988-ல் என்.இ.சி. நிறுவனத்தின் முயற்சியால் வீடியோ கார்டு தயாரிப்பாளர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய சங்கம் இது. சுவரும் ஓட்டையும் அவர்கள் நினைப்பிலேயே இல்லை. கணினித் திரையில் 800×600 புள்ளிகள் கொண்ட படத்தை எல்லாக் கார்டுகளும் ஒரே மாதிரி காட்ட வேண்டும், அவ்வளவுதான் முதல் நோக்கம். போட்டிக் கம்பெனிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பொது விதி எழுதும் பழக்கம் அங்கே வந்துவிட்டது. பிற்பாடு டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பும் (2006) இதே சங்கத்திலிருந்து வந்ததுதான்.

1990களின் பிற்பகுதியில் தட்டை மானிட்டர்கள் அலுவலகங்களுக்கு வந்தன. இவை இலேசானவை, கை போன்ற ஒரு தாங்கியில் பொருத்தி மேஜைக்கு மேலே மிதக்க விடலாம். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி ஓட்டை போட்டால் தாங்கி செய்கிறவன் என்ன செய்வான்? மாடலுக்கு ஒரு தகடு செய்து வைக்க வேண்டும். வாங்குகிறவனும் மானிட்டரை மாற்றும்போதெல்லாம் தாங்கியையும் மாற்ற வேண்டும். 1997-ல் வெசா இதற்கு ஒரு விதி வகுத்தது. 100 மி.மீ.க்கு 100 மி.மீ. சதுரம், நான்கு மூலைகளிலும் ஓட்டை, அதில் எம்4 ஸ்க்ரூ. அவ்வளவுதான்! சிறிய திரைகளுக்கு 75×75 சதுரமும் உண்டு. இரண்டுக்கும் நடுப்புள்ளி ஒன்றே என்பதால் ஒரே தகட்டில் எட்டு ஓட்டை போட்டால் இரண்டையும் மாட்டிவிடலாம். எளிமையான யோசனை, ஆனால் பிரமாதமான யோசனை.

எம்4 என்பது 4 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் ஸ்க்ரூ. இது இன்று சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் ஸ்க்ரூ மரைக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்று இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் சொன்னதே 1841-ல்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போல்ட்டும் அமெரிக்க நட்டும் சேராமல் தவித்த பிறகு, 1948-ல்தான் அந்த இரு நாடுகளும் கனடாவும் ஒரே அங்குல மரைக்கு ஒப்புக்கொண்டன. வெசாவின் விதி அத்தனை பேர் கட்டிய படிக்கட்டின் மேல் நிற்கிறது.

டிவிப் பக்கம் திரும்புவோம். அதே 1997-ல் அமெரிக்காவில் பிலிப்ஸின் 42 அங்குல பிளாஸ்மா டிவி 14,999 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுப்பதும் அந்த விலைக்குள் அடக்கம். வாங்கியவர் ஸ்க்ரூ அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லை. விலை இறங்க இறங்க அந்தச் சலுகை போனது. டிவியை ஒரு கடையில், மவுண்டை இன்னொரு கடையில் என்று வாங்கும் காலம் வந்தது. பிளாஸ்மா டிவிகளில் கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டை மாறியதால், மவுண்ட் தயாரிப்பாளர்கள் மாடல் வாரியாகத் தகடுகளை விற்றுக் கொண்டிருந்தார்கள்.

2002-ல் வெசா தன் விதியை விரிவாக எழுதியது. 2006-ல் பெரிய டிவிகளுக்கு ஏற்றபடி மேலும் நீட்டியது. (தமிழக அரசு வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்ததும் இதே 2006-ல்தான். அவை 14 அங்குல டியூப் டிவிகள். உலகம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை!) 2007-ன் கடைசி மூன்று மாதங்களில் உலக அளவில் எல்.சி.டி. டிவிகளின் எண்ணிக்கை முதல் முறையாக டியூப் டிவிகளை முந்தியது. விதி எழுதிய கையோடு கூட்டம் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இப்போது விதியின் உள்ளே கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 75×75 ஓட்டைக்கு 8 கிலோ வரை, 100×100க்கு 14 கிலோ வரை, 200×100க்கு 22.7 கிலோ வரை. இந்த மூன்றுக்கும் எம்4 ஸ்க்ரூ. அதற்கு மேல் எடை போனால் 200 மி.மீ. மடங்குகளில் ஓட்டைகள் – 200×200, 400×200, 400×400, 600×400 என்று – ஸ்க்ரூ எம்6 அல்லது எம்8. முதல் எண் அகலம், இரண்டாவது உயரம். கவனித்தீர்களா? இந்த விதியில் திரையின் அங்குல வாரியாகவும் பிரிவுகள் உண்டு. ஆனால் மாட்டும்போது பார்க்க வேண்டியது ஓட்டை அளவும் எடையும்தான்.

ஆனால் கடையில் மவுண்ட் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது '32 முதல் 55 அங்குலம் வரை' என்றுதான்! அது ஒரு உத்தேசக் கணக்கு. பிளாஸ்மா காலத்தில் பெரிய திரை என்றால் கனமான டிவி, அகலமான ஓட்டை. எல்.இ.டி. வந்து டிவிகள் இளைத்த பிறகு இந்தக் கணக்கு கலைந்துவிட்டது. 400×400 ஓட்டையோடு வந்து கொண்டிருந்த 55 அங்குல டிவிகளில் சில, 2020 வாக்கில் 200×200க்கு இறங்கிவிட்டன. போதாக்குறைக்கு 200ன் மடங்கு என்ற விதியையும் மீறி 300×200, 300×300 ஓட்டைகளோடு பல டிவிகள் வந்தன. மவுண்டில் நீளமான பிளவுகள் இருந்தால் சமாளிக்கும். குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஓட்டை போட்ட தகடு என்றால் கதை முடிந்தது. அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்குவது, செருப்பை விலை பார்த்து வாங்குவது மாதிரி. டிவியின் குறிப்பேட்டில் ஓட்டை அளவும் எடையும் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் ஒரு ஸ்கேலை எடுத்து ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடு வரை அளந்தால் ஒரு நிமிட வேலை.

ஸ்க்ரூவின் நீளத்தையும் விடக்கூடாது. குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று மரைகளில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். நீளமாக இருந்தால் உள்ளே இருக்கும் பலகையைக் குத்தும். சில டிவிகளில் ஓட்டை பள்ளத்துக்குள் இருக்கும். அதற்கு இடையில் வைக்கும் குழல்கள் வேண்டும்.

இன்னொரு பக்கம் இருக்கிறது: சுவர். வெசா டிவியின் முதுகைப் பற்றி மட்டுமே பேசியது, சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமெரிக்க வீடுகளில் சுவர் என்பது மரச் சட்டத்தின் மேல் அடித்த அட்டை போன்ற பலகை. சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் இருக்கும். மவுண்டின் சுவர்த் தகடு அத்தனை அகலமாக இருப்பதற்கு அதுதான் காரணம். இரண்டு சட்டங்களைப் பிடிக்க வேண்டும். நம்மூர்ச் செங்கல் சுவருக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் ஸ்க்ரூ நேரடியாகப் பிடிக்காது. அதற்குத்தான் ராவல் பிளக். 1911-ல் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைக் கெடுக்காமல் மின்சாதனங்களைப் பொருத்தும் வேலையில் பிறந்த யோசனை. அவர் பெயரே நம்மூர் எலக்ட்ரீஷியன்கள் வாயில் 'ராவல்' ஆகிவிட்டது!

இழுத்துத் திருப்பும் கை வைத்த மவுண்ட் என்றால் கணக்கு இன்னும் கடுமை. 20 கிலோ டிவியைச் சுவரிலிருந்து 50 செ.மீ. வெளியே இழுத்தால், 20 செ.மீ. உயரத் தகட்டின் மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை ஏறக்குறைய 50 கிலோ. நெம்புகோல் தத்துவம்தான், பள்ளிக்கூடத்தில் படித்தது. கெட்டியான பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை போகாத பிளக் இதைத் தாங்காது. டிவியோ அலமாரியோ குழந்தைகள் மேல் சாயும் விபத்துகள் எவ்வளவு சகஜம் என்றால், அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் இதற்கென்றே ஒரு தனிப் பிரசாரம் தொடங்கியது. ஓட்டை சேரவில்லை என்று கம்பி கட்டியோ, நான்கில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் போட்டோ சமாளிப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கம்பெனிகள் ஏன் இந்தப் பொது விதிக்குத் தலையாட்டின? மைக்கேல் காட்ஸ், கார்ல் ஷாபிரோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1985-ல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு உதவும். ஒரு பொருளோடு பொருந்தக்கூடிய மற்றப் பொருட்கள் பெருகப் பெருக அதன் மதிப்பும் ஏறுகிறது. எல்லா மவுண்டிலும் மாட்டலாம் என்றால் என் டிவியை வாங்க வாடிக்கையாளருக்கு ஒரு தயக்கம் குறைவு என்று சின்ன கம்பெனி நினைக்கும். ஆனால் தனக்கென்று பெரிய கூட்டம் வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்த அவசரம் இல்லை. தாங்கியையும் தானே விற்றால் லாபம் தனக்கு.

அதற்கு உதாரணங்கள் கண் முன்னே இருக்கின்றன. 2017-ல் எல்.ஜி. வெளியிட்ட 'வால்பேப்பர்' ஓ.எல்.ஈ.டி. டிவி 65 அங்குலத்தில் 2.57 மி.மீ. தடிமன்தான். ஸ்க்ரூ போட இடமே இல்லை, கூடவே வரும் தகட்டில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். அதையாவது மன்னிக்கலாம், தொழில்நுட்பம் அப்படி. 2019-ல் ஆப்பிள் செய்தது வேறு ரகம். 4,999 டாலர் மானிட்டரை ஸ்டாண்டே இல்லாமல் விற்றது. ஸ்டாண்டு தனியாக 999 டாலர். சந்தையில் இருக்கும் சாதாரண வெசா தாங்கியில் மாட்ட வேண்டும் என்றால் அதற்கு ஓர் இணைப்புத் தகடு, 199 டாலர். நான்கு ஓட்டைக்கு 199 டாலர்! 2022-ல் வந்த அதன் ஸ்டுடியோ டிஸ்ப்ளேயில் வெசா தகடு வேண்டுமா, ஸ்டாண்டு வேண்டுமா என்பதை ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். வாங்கிய பிறகு வீட்டில் நாமே மாற்றிக்கொள்ள வழி வைக்கவில்லை.