வெள்ளம் என்ற சொல்

எங்கள் நாஞ்சில் நாட்டில் குடிக்கிற தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். கிணற்றில் கோருவதும் வெள்ளம். உலையில் கொதிப்பதும் வெள்ளம். வெயிலில் வந்தவனுக்கு முதலில் கொடுப்பதும் வெள்ளம். நெடுங்காலம் திருவிதாங்கூரோடு கிடந்த மண் அல்லவா? 1956 நவம்பர் 1ஆம் தேதி எங்களைத் தமிழகத்தோடு சேர்த்தார்கள். எல்லைக் கற்கள் இடம் மாறின. பழைய சொற்கள் மாறவில்லை.

என் அத்தையைத் திருநெல்வேலியில் கட்டிக் கொடுத்திருந்தது. புகுந்த வீட்டில் முதல் நாள் அவள் மெல்லிய குரலில், "எனக்குக் கொஞ்சம் வெள்ளம் தாருங்கோ" என்று கேட்டாளாம். கூடத்தில் ஒரே சிரிப்பு. "ஏட்டி, வெள்ளம் வேணும்னா ஐப்பசி கார்த்திகை வரைக்கும் பொறுத்துக்க. ஆத்துல தானா வரும்" என்றாராம் மாமியார். ஐம்பது வருஷமாக எங்கள் குடும்பத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். அன்று இருட்டுகிற வேளையில் அத்தை டெலிபோனில் கூப்பிட்டாள். அவள் வீடு மீனாட்சிபுரத்தில், தாமிரவருணிக்குப் பக்கம். "மக்கா, வெள்ளம் வருதுடே" என்றாள். நான் விளங்காமல், "குழாயிலா அத்தை?" என்றேன். "நம்மூரு வெள்ளம் இல்லடே, இந்தூரு வெள்ளம்!" என்றாள். அதற்குமேல் பேச்சு அறுந்து போயிற்று. இரண்டு நாள் அவள் குரலைக் கேட்கவில்லை.

அந்த இரண்டு நாளும் நாகர்கோவிலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குமரிக் கடல் பகுதியின் மேல் ஒரு காற்றுச் சுழற்சி நகராமல் நின்றிருந்தது. அதுதான் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, குமரி என்று நான்கு மாவட்டங்களையும் நனைத்தது. புயல் என்று பெயர் சூட்டுவதற்குக்கூட அதற்குத் தகுதி இருக்கவில்லை. ஆனால் 18ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர்! திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓர் ஆண்டு முழுவதும் அந்தச் சீமையில் பெய்கிற மழையைவிட அதிகமாக, ஒரு பகலிலும் ஓர் இரவிலும் காயல்பட்டினத்தில் கொட்டிவிட்டது. தேரிக்காடும் பனைமரமும் உப்பளமுமாக, மழைக்கு ஏங்கிக் கிடக்கிற பூமி அது என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும்.

இம்மாதிரி வேளைகளில் முதலில் பழிக்கு ஆளாவது அணைக்கட்டு. பாபநாசம் அணை 143 அடி. மணிமுத்தாறு 118 அடி. இரண்டிலிருந்தும் தண்ணீர் திறந்தார்கள் என்பது உண்மை. 2015 டிசம்பர் முதல் தேதி சென்னையில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதும், அடையாறு ஊருக்குள் புகுந்ததும், பிறகு மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை அதை மனிதர் செய்த பேரழிவு என்று எழுதியதும் நமக்கு நினைவிருக்கிறது. அதே வழக்கை இங்கேயும் தொடுக்க மனம் துடிக்கிறது. ஆனால் இங்கே மழையில் பெரும் பகுதி அணைகளுக்குக் கீழே, கடற்கரை வரை பரந்த சமவெளியில் பெய்தது. மலையில் கட்டிய அணை, கடலோரத்தில் பெய்யும் மழையை எப்படித் தடுக்கும்? போதாததற்குச் சிற்றாறும் சீவலப்பேரியில் வந்து கலந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் ஓடிற்று.

எச்சரிக்கை பற்றியும் ஒரு வழக்கு நடந்தது. சிவப்பு எச்சரிக்கை கொடுத்தோம் என்றது வானிலை நிலையம். இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லையே என்றது அரசு. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் சென்னையை முழுக்கிவிட்டுப் போயிருந்தது. எல்லோருடைய கண்ணும் வடக்கே இருந்தது. வழக்கில் யார் ஜெயித்தாலும், முழுகினவன் முழுகினவன்தான்.

ஆற்றின் பழைய ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழும் தாமிரவருணி சுமார் 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்குள் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் கால்வாய், கால்வாய்தோறும் குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். நிறைந்த குளத்துக்கு வழிவிட வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. மறுகால் ஓடையில் அமலையும் கருவேலமும் மண்டினால், அல்லது அதன்மேல் வீட்டு மனை போட்டால், குளம் என்ன செய்யும்? கரையை உடைத்துக்கொண்டு தானே வழி தேடும். அன்று ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்கள் உடைந்தன. தூத்துக்குடி நகரம் முழுகியதற்குக் கோரம்பள்ளம் குளத்து உடைப்பு ஒரு பெரிய காரணம். திருநெல்வேலியில் புது பஸ் நிலையம் இருக்கிற இடத்தின் பெயர் என்ன தெரியுமா? வேய்ந்தான்குளம். பெயரே சாட்சி சொல்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

பழைய மனிதர்கள் இந்த ஆற்றோடு எப்படிப் பழகினார்கள் என்பதற்கு இரண்டு சின்னங்கள் திருநெல்வேலியிலேயே இருக்கின்றன. ஒன்று, குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றின் நடுவே, படகின் முனைபோல் கட்டிய முகப்போடு நிற்கிறது. வெள்ளம் வருகிறதென்று தெரிந்தால் உற்சவ மூர்த்தியை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கோயில் தண்ணீருக்குள் இருக்கும். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூஜை நடக்கும். 1992 நவம்பர் வெள்ளத்திலும் முழுகியது; 2023லும் முழுகியது; இன்றும் இருக்கிறது. தண்ணீரை எதிர்த்து நிற்கவில்லை. பிளந்து இருபுறமும் வழிவிட்டு நிற்கிறது.

மற்றொன்று சுலோசன முதலியார் பாலம். அந்தக் காலத்தில் ஆறு பெருகினால் திருநெல்வேலி வேறு, பாளையங்கோட்டை வேறு. பரிசிலும் படகும்தான் கதி. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் பெரும் தொகையைத் தம் கைப்பொருளிலிருந்து போட்டுப் பாலம் கட்டுவித்தார். மனைவியின் நகைகளும் அதில் போயின என்று ஊரில் சொல்வார்கள். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு பதினொரு வளைவுகளோடு எழுந்த அந்தப் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. 2023 வெள்ளமும் அதன் கண்களுக்குள் நுழைந்துதான் போயிற்று. ஆற்றுக்கு எத்தனை கண் திறந்துவைக்க வேண்டும் என்பதைக் கட்டியவர்கள் கணக்கிட்டிருந்தார்கள்.

இனி மனிதர் சங்கதி. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் கரைந்து போய்க்கொண்டிருந்தன. நிலைய அதிகாரி வண்டியை விடவில்லை. விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடல் நடுங்குகிறது. வண்டியில் சுமார் 800 பேர். கொஞ்சம் பேரை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பாதையே மறைந்தது. மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே சிறைப்பட்டார்கள். சுற்றிலும் கடல்போல நீர். குடிக்க ஒரு மிடறு இல்லை.

பக்கத்தில் புதுக்குடி என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களும் வெள்ளத்தில் அகப்பட்டவர்கள்தான். அவர்களுக்கும் வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆனாலும் வீட்டில் இருந்த அரிசியைக் கோயிலில் கொண்டுவந்து கொட்டி, பொங்கிப் போட்டார்கள். யார், எந்த ஊர், எந்த ஜாதி, எந்த மதம் என்று பந்தியில் ஒருவரும் கேட்கவில்லை. 19ஆம் தேதி பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து வேறு ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தெருக்களில் விட்டார்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அடுப்பு எரிந்தது.

இதையெல்லாம் எழுதும்போது மனம் நிறைகிறது. ஆனால் இந்த நிறைவிலேயே ஒரு மோசம் இருக்கிறது. புதுக்குடிக்காரர்களைப் புகழ்ந்துவிட்டால் நம் கடன் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். தண்ணீர் வடிவதற்குமுன் மனிதராக இருக்கிற நாம், வடிந்தபின் மனை வாங்குகிறவர்களாகிவிடுகிறோம். பிறரை ஏன் சொல்ல வேண்டும்? நான் குடியிருக்கும் வீடு வயலை மண்ணிட்டு மூடிய மனையில் நிற்கிறது. இரண்டு பூ விளைந்த வயல். பத்திரம் எழுதும்போது அதன் ஓரத்தில் ஓர் ஓடை இருந்தது. "அதெல்லாம் பழைய ஓடை, வெள்ளம் வாறதில்ல" என்றார் தரகர். எனக்கும் அந்தப் பதில் சௌகரியமாக இருந்தது. 2021 நவம்பரில் குமரி மாவட்டமே மழையில் தத்தளித்தபோது, அந்த ஓடை என் வாசலில் வந்து நின்றது. வழி தவறி வந்தது அதுவல்ல, நான்.

கொல்லம் 1099இல், அதாவது 1924 ஜூலையில், திருவிதாங்கூரை உலுக்கிய பெருவெள்ளத்தைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று எங்கள் தாத்தா காலத்தவர் சொல்வார்கள். மூணாற்றுச் சிறு ரயில்பாதை அதில் போயிற்று. திரும்பப் போடவே இல்லை. பழையவர்கள் ஆண்டையும் மறக்கவில்லை, தண்ணீர் ஏறிய இடத்தையும் மறக்கவில்லை. சுவரில் கோடு போட்டு வைத்தார்கள். நாம் சுண்ணாம்பு அடித்து அந்தக் கோட்டை அழித்துவிடுகிறோம்.

மூன்றாம் நாள் அத்தையைப் போய்ப் பார்த்தேன். மாடி வீட்டுக்காரர்கள் அவளைத் தூக்கிப்போய் வைத்திருந்தார்கள். கீழே, பீரோவில் மார்பளவுக்குச் சேற்றுக் கோடு. கல்யாணப் போட்டோ, சேலைகள், பத்திரங்கள் எல்லாம் ஒரே சகதி. அவள் அழவில்லை. என்னைக் கண்டதும், "மக்கா, வரும்போது என்ன கொண்டாந்த?" என்று கேட்டாள்.

"என்ன வேணும் அத்தை?"

"குடிக்க வெள்ளம்டே" என்றாள்.

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.